காப்பை வாங்கிக்கொண்ட கல்

கூலாயில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் பழைய பங்களாவுக்கு நானும் ரூபேந்திரனும் போனது, ஒரு கல்லைப் பெட்டியில் அடைக்க. பெரிய சாமான்களைப் பெட்டி கட்டி அனுப்புவதுதான் எங்கள் பிழைப்பு. பியானோ கட்டியிருக்கிறோம், சவப்பெட்டிகூடக் கட்டியிருக்கிறோம். கல்தானே என்று சாவகாசமாகப் போனோம்.

வீட்டுக்காரர் இறந்துவிட்டார். அவர் மகன் வாசலிலேயே சாவியைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

மதியம்தான். ஆனாலும் மழை இருட்டு. கூடத்தில் பூஞ்சை நாற்றம். அதற்கு அடியில், தோல் காயவைத்த மாதிரி இன்னொரு வாடை. நாங்கள் கட்டவேண்டிய கல், சுவரில் சாய்ந்து நின்றது. ஏதோ பாரசீக அரண்மனைச் சுவரிலிருந்து பெயர்த்த சிற்பமாம். சுருள் தாடி வைத்த ஆட்கள் ராஜாவுக்குக் காணிக்கை கொண்டுபோகிறார்கள். ஒவ்வொருவரும் பின்னால் வருபவரின் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறார். கடைசி ஆளின் கை மட்டும் பின்னால் நீண்டு வெறுமனே இருந்தது. அதற்கப்புறம் கல் உடைந்திருந்தது.

ரூபேந்திரன் எங்கள் கூலாய் மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தான். மனைவி புஷ்பவள்ளிக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்கவேண்டும் என்று நேர்த்தி. காப்புக் கட்டியவன் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. புஷ்பாவோ எல்லைக்கு அப்பால், பாலோவில் தாய் வீட்டில் இருந்தாள்.

போன் அடித்தது. மாமியார் ராஜம்மா.

"மாப்ள, உடனே வாங்க. வலி வந்திருச்சு, ரத்தம் நிக்கல. புஷ்பா உங்களத்தான் கேக்குறா."

காப்பை அவிழ்க்கலாமா என்று கேட்கப் பூசாரிக்குப் போன் அடித்தான். அவர் எடுக்கவில்லை.

"நானே கழட்டிடுறேண்ணே. ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

"கழட்டி எங்க வப்ப? கீழ போடக் கூடாது லா."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கல்லில் அந்த வெறுங்கையின் மணிக்கட்டுக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. மஞ்சள் கயிற்றை அதில் கோத்து முடிச்சுப் போட்டான்.

"தாத்தா, கொஞ்சம் வச்சிருங்க. வந்து வாங்கிக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் முன்வாசல் வழியாக மழையில் ஓடினான்.

பின்வாசல் கதவு திறந்தது.

சொட்டச் சொட்ட நனைந்து ரூபேந்திரன் உள்ளே வந்தான்.

"ஏண்டா சுத்தி வர்ற?"

"நான் சுத்தலண்ணே. லாரிகிட்டதான் போனேன்."

மறுபடி ஓடினான். மறுபடி பின்வாசலில் வந்து நின்றான். ஜன்னல் வழியாகக் குதித்தான். குதித்த கால் கூடத்துத் தரையில்தான் ஊன்றியது. நான் அவன் கையை இறுகப் பிடித்து வாசல்படி தாண்டினேன்.

என் கையில் யாரும் இல்லை.

உள்ளே திரும்பி ஓடி, காப்பை அவிழ்க்கப் பார்த்தேன். கயிறு கல்லாகியிருந்தது. மஞ்சள் நிறம் மட்டும் அப்படியே. சுத்தியலை எடுத்து அந்தக் கல் மணிக்கட்டில் லேசாகத் தட்டினேன். ரூபேந்திரன் அலறினான். அவன் மணிக்கட்டு நீலமாக வீங்கிவிட்டது.

"வேணாண்ணே," என்று முனகினான்.

சாயங்காலம் போன் வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அவன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். நானும் அழுதேன்.

பூசாரி வந்து பார்த்து, தன்னால் ஆகாது என்று திரும்பினார். ஆள் வைத்துக் கல்லை வெளியே தூக்கிப்போகப் பார்த்தோம். வாசலை நெருங்கியதும் ரூபேந்திரனுக்கு மூச்சு நின்றது. திரும்ப அதே இடத்தில் வைத்த பிறகுதான் இருமிக்கொண்டு எழுந்தான். அதோடு அவன் அங்கேயே தங்கிவிட்டான். சோறு நான்தான் கொண்டுபோவேன்.

ஒரு மாதத் தீட்டுக் கழிந்ததும் புஷ்பா பிடிவாதமாக வந்தாள். பிள்ளையை உள்ளே கொண்டுவரவே கூடாது என்று அவன் போனில் கெஞ்சியிருந்தான். அதனால் கேட்டுக்கு வெளியே நின்றோம். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான், பாதி உடம்பாக இளைத்துப்போய்.

புஷ்பா பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க, உங்க மூக்குதான்!"

அவன் சிரித்தான். எத்தனை நாளைக்கப்புறம் பார்க்கிறேன் அந்தச் சிரிப்பை!

பிள்ளை மெல்லக் கையை நீட்டியது. விரல்கள் ஒவ்வொன்றாக மடிந்தன, யாருடைய விரலையோ பற்றிக்கொள்வதுபோல.

சிரிப்பு நின்றது. அவன் பிள்ளையைப் பார்க்கவில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தான்.

"கூட்டிட்டுப் போங்கண்ணே! சீக்கிரம்!"

காரைக் கிளப்பினேன். பிள்ளையின் கை, கல்லில் கைபிடித்துக் கூட்டிப் போகப்படுகிறவர்களின் கை மாதிரி, வீட்டுப் பக்கமே நீண்டிருந்தது. வளைவில் வண்டி திரும்பியபோது கையும் வீட்டைப் பார்த்துத் திரும்பியது. புஷ்பா அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிள்ளை வீறிட்டு அழுதது.

பெரிய ரோடு தெரிந்தது. பிள்ளை அவள் மடியிலிருந்து பின்பக்கமாக நழுவ ஆரம்பித்தது. இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். அப்படியும் நழுவியது.

"நிறுத்துங்கண்ணே. கை பிஞ்சிரும்."

நிறுத்தினேன். அழுகை ஓய்ந்தது.

ரிவர்ஸ் போட்டேன். பிள்ளை சிரித்தது.