புள்ளிகள் காணாமல் போன மாதம்

“மூணு வாரத்துல இது ரெண்டாவது கண்ணாடி! உங்களுக்கு நிஜமாவே கண் டெஸ்ட் பண்ணத் தெரியுமா?”

குடையை மடக்கக்கூட மறந்து, கடைக்குள் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று கத்தினாள் அவள். பதிப்பகத்தில் பிழை திருத்துபவள். கொஞ்ச நாளாக எழுத்தின் மேலிருக்கும் புள்ளியே தெரிவதில்லை. ‘பல்’ எது, ‘பல’ எது... நேற்று முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கண்ணாடிக் கடைக்காரன் கோபப்படவில்லை. அவளை உட்காரவைத்து, சின்ன விளக்கைக் கண்ணில் காட்டினான். முகம் இவ்வளவு கிட்டத்தில்... அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“கண்ணுப் பாப்பா நல்லா விரிஞ்சிருக்குங்க. வெளிச்சத்துக்குச் சரியா சுருங்க மாட்டேங்குது. ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?”

பகீரென்றது. தூக்கமில்லாமல் அழுதுகொண்டே கிடந்தவளை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனவள் அக்காதான். ‘மாத்திரை விஷயத்தை வெளிய மூச்சு விடாதே... பொண்ணு கேட்டு ஒருத்தனும் வர மாட்டான்’ என்று மிரட்டி வைத்தவளும் அக்காதான்.

“மாத்திரையா? எனக்கென்ன கேடு?” விருட்டென்று எழுந்து போய்விட்டாள்.

நாலு நாள் வீம்பாக இருந்தாள். ஐந்தாம் நாள், ஒரு புத்தகத்தின் அட்டைத் தலைப்பிலேயே புள்ளியைக் கோட்டைவிட்டாள். அன்று மாலையே கடை வாசலில் நின்றாள்.

“சாப்பிடறேன்... மனசு சரியில்லாததுக்கு. ரெண்டு மாசமா.”

அவன் முகம் மாறவில்லை. “கண்ணும் வாயும் வறண்டு போகுதா?”

தலையாட்டினாள்.

“சில மாத்திரைக்குச் சிலருக்கு இப்படி ஆகும். உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க... சரியா?”

அந்த ‘சரியா’வில் என்ன இருந்ததோ... வீடு போகும்வரை காதிலேயே நின்றது.

மருத்துவர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் எழுத்துகள் தெளிந்தன. மறுபடியும் சோதித்துப் பார்த்த கடைக்காரன், “இனிமே உங்களுக்குக் கண்ணாடியே வேண்டாங்க” என்றான். நல்ல செய்தியை ஏன் இவ்வளவு சோகமாகச் சொல்கிறான்?

“அப்ப நான் இங்க வர வேண்டியதில்ல...”

“கண்ணாடிக்காக வர வேண்டாம்...” துடைத்த லென்ஸையே திரும்பத் துடைத்தான். “சும்மா வரலாமில்ல?”

“மாத்திரை இன்னும் ஒரு வருஷம் சாப்பிடணும். அப்புறமும் தேவைப்படலாம். தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?”

“தெரிஞ்சுதாங்க கேக்கறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு.

“எனக்கும்தான்...” என்றாள். “அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன். ஒருத்தர் வந்துட்டாரு... எல்லாம் தெரிஞ்சேதான் வந்துட்டாருன்னு.”