காணாமல் போன ஒன்றாம் கவர்

"ஐயோ... டைரக்டர் சார்!"

செக்யூரிட்டி ஆம்ப்ரோஸின் அலறல் அந்த விண்வெளி ஆய்வுக்கூடத்தின் மூன்று மாடிகளையும் உலுக்கியது.

இளம் விஞ்ஞானி சங்கமித்ரா கேன்டீனில் இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள்.

கம்ப்யூட்டர் அறையின் தரையில்... டைரக்டர் சீனிவாசராகவன்! நெற்றியில் ரத்தம். பக்கத்தில் உடைந்த லாக்கர்.

மூச்சு இருந்தது. முனகலும் தாராளமாகவே இருந்தது.

"பின்னாலேர்ந்து அடிச்சுட்டா... மஞ்சள் துப்பட்டா... அது மட்டும்தான் தெரிஞ்சுது..."

எல்லாக் கண்களும் சங்கமித்ராவிடம் திரும்பின.

அவள் தோளில் மஞ்சள் துப்பட்டா!

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் உத்தமன் வந்தார், பெங்களூர் தொம்மலூர் டிராபிக்கைத் திட்டிக்கொண்டே. கூடவே கான்ஸ்டபிள் முனிகிருஷ்ணன்.

"என்னம்மா காணோம்?"

"ஒரு ஹார்ட் டிஸ்க். ஒரு கவர்."

"டிஸ்க்ல என்ன?"

"குண்டுவோட காத்து சார்."

"யாரும்மா அந்த குண்டு?"

"வேற நட்சத்திரத்தைச் சுத்துற கோள் சார். இன்னொண்ணு ஒல்லி. பேரெல்லாம் நாங்களே வெச்சது. நட்சத்திர வெளிச்சம் அந்தக் கோளோட காத்துல பூந்து வரும். எந்த வாயு எந்த நிறத்தை முழுங்குதுன்னு பார்ப்போம். குண்டுவோட காத்துல, இங்க கடல்ல இருக்கிற நுண்ணுயிர் விடற வாயு தெரிஞ்சுது!"

"அப்ப அங்க உயிர் இருக்கா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"எங்க டிபார்ட்மென்ட்ல சேர்ந்துடும்மா, பதில் கரெக்டா வருது. சரி... கவர்?"

"அது எங்க வழக்கம் சார். ஆசை கண்ணை மறைச்சுடக் கூடாதில்ல? அதனால ஒருத்தர் மட்டும் ரகசியமா டேட்டாவுல போலி சிக்னல் கலப்பாங்க. கலக்காமலும் விடுவாங்க. எதுன்னு எழுதி, அரக்கு வெச்சு லாக்கர்ல பூட்டிடுவோம். ரிசல்ட் சொல்றதுக்கு முன்னாடி எல்லார் எதிர்லயும் பிரிப்போம். இந்தத் தடவை எழுதினது நான். ஒரு கோளுக்கு ஒரு கவர். மேல நம்பர் மட்டும்தான்."

"எப்ப பிரிக்கிறதா இருந்தீங்க?"

"பதினோரு மணிக்கு. மினிஸ்டர் வர்றாரு."

சோபாவில் கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்த சீனிவாசராகவன் சீறினார். "நேத்தே டிவியில சொல்லிட்டேன், குண்டுல உயிர் இருக்குன்னு! எனக்குப் பேர் வரக்கூடாதுன்னு இவளுக்குப் பொறாமை! ஒன்பது மணிக்குக் கதவைத் தொறந்தது இவ கார்டுதான்!"

"கார்டை மேஜையிலயே வெச்சுட்டு சாப்பிடப் போயிட்டேன் சார்..."

"எல்லாத் திருடனும் சொல்றதுதாம்மா," என்றார் உத்தமன். "கிளம்பு, ஸ்டேஷன்ல பேசலாம்."

சங்கமித்ரா அம்மாவை நினைத்தாள். சிவாஜிநகர் துணிக்கடையில் இருபது வருடம் நின்றே கால் வீங்கிப்போன அம்மா படிக்க வைத்த படிப்பு! கைது என்ற ஒரு வார்த்தை போதும்... வேலை, ஆராய்ச்சி, பெயர் எல்லாம் காலி.

கண்ணீரோடு உடைந்த லாக்கரைப் பார்த்தாள்.

திருடன் விட்டுப்போன கவர் ஒன்று அங்கே கிடந்தது. அதன் மேல் அவள் எழுதிய நம்பர்.

பூஜ்ஜியம்.

கண்ணீர் சட்டென்று நின்றது. கோபம் வந்தது!

"ஒரு நிமிஷம் சார். கவர் போனா என்ன? எழுதின எனக்குத் தெரியாதா? ஒண்ணாம் நம்பர் கவர்ல 'எதுவும் கலக்கவில்லை'ன்னு எழுதியிருந்தேன்."

சீனிவாசராகவன் துள்ளி எழுந்தார்.

"பொய்! 'போலி சிக்னல்'னு கொட்டை எழுத்துல எழுதியிருந்தியே!"



உத்தமன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அரக்கு வெச்ச கவரு... திருடன் கொண்டுபோன கவரு... நீங்க எப்ப சார் படிச்சீங்க?"

டைரக்டர் காலடியிலிருந்த தன் பையை அவசரமாக மடிக்கு இழுத்தார்.

முனிகிருஷ்ணன் அவருடைய பையைக் கவிழ்த்தார். தயிர்சாத டப்பாவுக்கு அடியில் ஹார்ட் டிஸ்க்! பிரித்த கவர்!

"பின்னால அடிச்சா முன்னால எப்படி வீங்கும்னு அப்பவே நெனச்சேன்!" என்றார் உத்தமன்.

"லாக்கர் கதவுல... நானே முட்டிண்டேன்," டைரக்டர் சோபாவில் சரிந்தார். "நேத்து டிவி பேட்டி முடிஞ்சதும் ஆசையில பிரிச்சேன். போலி! மினிஸ்டர் எதிர்ல மானம் போயிடும். அதான் இவ கார்டை எடுத்துக் கதவைத் தொறந்தேன். இவளைத் திருடின்னு சொல்லிட்டா, இவ பேச்சை யாரும் நம்ப மாட்டா..."

"உனக்கு எப்படிம்மா சந்தேகம் வந்துச்சு?"

"புரோகிராம் எழுதறவங்க பூஜ்ஜியத்துலேர்ந்துதான் எண்ணுவோம் சார். எங்களுக்கு முதல் கோள் பூஜ்ஜியம், ரெண்டாவதுதான் ஒண்ணு. குண்டுதான் முதல் கோள். ஆனா திருடன் ஒண்ணை எடுத்திருக்கான். இந்த பில்டிங்ல இன்னமும் நோட்டுல ஒண்ணு, ரெண்டுன்னு எழுதறவர் ஒரே ஆள்தான்."

"பூஜ்ஜியம்... வெத்துக் கவர்னு நெனச்சேனே..." டைரக்டர் தலையில் கை வைத்தார். "அப்ப அந்த ஒண்ணு?"

"ஒல்லியோடது சார். ஒல்லியிலதான் போலி கலந்தேன்."

"குண்டு...?"

சங்கமித்ரா பூஜ்ஜியம் நம்பர் கவரை எடுத்தாள். எல்லார் எதிரிலும் அரக்கை உடைத்தாள். காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

'எதுவும் கலக்கவில்லை.'

சிக்னல்... நிஜம்!

சொந்தக் கண்டுபிடிப்பைத் தானே திருடி, சொந்த மண்டையைத் தானே உடைத்துக்கொண்டவர் குழந்தையைப் போல விசும்ப ஆரம்பித்தார்.

வாசலில் மினிஸ்டர் காரின் சைரன்.

"கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போம்மா," என்றார் உத்தமன். "இன்னிக்குப் பேசப்போறது நீதான்."

முனிகிருஷ்ணன் பேனாவைத் திறந்தார். "சார், எஃப்.ஐ.ஆர்.ல இவரை அக்யூஸ்ட் நம்பர் ஒண்ணுன்னு போடட்டா?"

"இவ்வளவு நேரம் என்னத்தைய்யா கேட்டே? அடுத்தவன் மேல கேஸ் போயிடப் போகுது... பூஜ்ஜியம்னு போடு!"