சரியென்றால் ஒரு தட்டு

தட்டு விழுந்தது சரிதான். விழுந்த தோள்தான் தப்பு. அதுவரை எல்லாத் தட்டும் இடது தோளில் விழுந்தன. இது வலது தோளில்.

கண்ணைச் சுற்றித் துண்டு, காதை மூடி ஹெட்ஃபோன். ஆனாலும் பாம்புக்காது உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இடம் மாறி நின்று குழப்பப் பார்க்கிறாள் மனைவி, கள்ளி.

பாம்புக்காது என்று பெயர் வைத்தது மைத்துனர். அவர் கேலியாக வைத்ததை இவர் பட்டமாக வாங்கிக்கொண்டார். மூன்றாவது வீட்டில் ஒரு கொசு கொட்டாவி விட்டால் தன் தூக்கம் கெட்டுவிடும் என்பார். தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அந்தக் காதுக்கு வேலை வேண்டுமே? ஹால் மேஜையில் மூன்று ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையர் பெட்டிகள் குடியேறின. நடுவில் அவரே செய்த ஸ்விட்ச் பெட்டி. ஒரே பாட்டு மூன்றுக்கும் போகும்; குமிழைத் திருகினால் ‘டக்’கென்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். முதலாவது பாட்டுக்கு வெல்லம் பூசித் தருமாம். இரண்டாவது சலவை செய்து இஸ்திரி போட்டுத் தருமாம். மூன்றாவதோ, பாடகி மூக்கை உறிஞ்சினால் அதையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்குமாம். மனைவிக்கு மூன்றும் ஒரே பாட்டு, ஒரே தூசி.

“கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுங்க பார்ப்போம்,” என்றாள் அன்று சாயங்காலம். “நான் திருகுறேன். எந்தப் பெட்டி பாடுதுன்னு சொல்லணும். தோத்தா ரெண்டு பெட்டி பரணுக்கு.”

“ஜெயிச்சா?”

“மூணும் இருக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன்.”

“அது நடக்கிற காரியமா?”

“பேச்சை மாத்தாதீங்க. துண்டை எடுங்க.”

வாயால் பதில் சொன்னால் சிரிப்பிலேயே காட்டிக்கொடுத்துவிடுவாள். அதனால் சரியென்றால் தோளில் ஒரு தட்டு, தப்பென்றால் இரண்டு என்று ஏற்பாடு. பெட்டி போனால் போகட்டும். பட்டம் போனால் மைத்துனர் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆரம்பத்தில் அமர்க்களம்தான். “மூணு!” ஒரு தட்டு. “ஒண்ணு!” ஒரு தட்டு. ஈயை விரட்டுவதுபோல இரண்டு விரலால் வெடுக்கென்று தட்டுவாள். கூடவே வளையல் சட்டைமேல் உரசும்.

இப்போது உரசவில்லை.

விரலும் இல்லை, முழு உள்ளங்கை. தட்டிவிட்டு உடனே போகாமல் கொஞ்சம் தங்கிவிட்டுப் போனது. சட்டையைத் தாண்டி ஈரம்போல ஒரு குளிர் இறங்கியது.

இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஒருவேளை பொய்யாகச் சரி சொல்லி ஏற்றிவிட்டு, கடைசியில் மைத்துனர் முன்னால் மானத்தை வாங்கப் போகிறாளோ? காதில் பாடுவது மூன்றாவது என்று அடித்துச் சொல்வார். வேண்டுமென்றே, “ரெண்டு,” என்றார்.

ஒரு தட்டு.

“மாட்டினியா! சரி, இது அஞ்சு!” மேஜையில் அஞ்சாவது பெட்டியே கிடையாது.

ஒரு தட்டு.

“ஏம்மா, நீ திருகுறியா, இல்ல தூங்குறியா?”

ஒரு வாசனை வந்தது. மனைவி பூசும் பவுடர் வாசனையல்ல. வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த மர அலமாரியைத் திறந்ததும் உள்ளே மடித்து வைத்த ஈரம் மொத்தமும் எழுந்து முகத்தில் அறையுமே, அந்த மாதிரி ஒன்று அவர் பின்கழுத்திலிருந்து கிளம்பி, காதைச் சுற்றி, மெல்ல மூக்குக்கு வந்து சேர்ந்தது. விட்டு விட்டு வந்தது. மூச்சு வருவதுபோல.

டக்.

பாட்டு நின்றது. குமிழில் நாலாவதாக ஓர் இடம் உண்டு. அதில் எந்தப் பெட்டியையும் அவர் இணைத்திருக்கவில்லை. அங்கே திருகினால் வெறும் அமைதிதான். அந்த அமைதிக்குள் வெளியே கேட்கும் சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்து நுழைந்தன. மழை. ஜன்னல் கம்பியில் சொட்டும் தண்ணீர். அப்புறம், வாசல் கதவு இடிபடும் சத்தம்.

“என்னங்க! கதவைத் திறங்க! எவ்வளவு நேரமாக் கத்துறேன்! மாடியில துணி நனையுது, எடுத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தானே போனேன்? கதவு தானாப் பூட்டிக்கிச்சு!”

மனைவி. வெளியே.

வலது தோளில் உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. இந்த முறை எழுந்து போகவில்லை.

அவர் நாற்காலிப் பிடியைப் பற்றிக்கொண்டார்.

இடது தோளிலும் ஒன்று உட்கார்ந்தது.

“காதுல விழுதா இல்லையா? இருங்க, ஜன்னல் பக்கம் வர்றேன்!” செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் நகர்ந்து அவர் முதுகுக்குப் பின்னால் வந்தது. ஜன்னல் கதவு கிறீச்சிட்டது. “பாம்புக்காதாம் பாம்புக்காது! கல்லு மாதிரி உக்காந்துக்கிட்டு...”

திட்டு பாதியில் அறுந்தது.

ஈரத்துணி மொத்தமாகத் தரையில் விழும் சத்தம்.

அப்புறம் ஜன்னல் கம்பியில் வளையல் இடிபட்டது.

“என்னங்க.” உதடு பிரியாத குரல். வேறு யாருக்கும் கேட்டிருக்காது, அவருக்குக் கேட்டது. வாழ்நாளில் முதல்முறையாக, செவிடனாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார். “துண்டை அவுக்காதீங்க. என்ன ஆனாலும் அவுக்காதீங்க.”

அவர் அவிழ்க்கவில்லை. கைகள் நாற்காலிப் பிடியில்தான் இருந்தன. இறுக்கமாக.

பின்தலையில் முடிச்சு இளகியது.

இரண்டு தோளிலும் அந்த உள்ளங்கைகள் அப்படியே இருந்தன. அவிழ்ப்பது வேறு விரல்கள். பொறுமையான விரல்கள்.

துண்டு மடியில் விழுந்தது. அவர் கண்ணை இறுக்கி மூடினார். ஜன்னலில் மனைவி அழ ஆரம்பித்தாள்.

வலது இமைமேல் ஒரு விரல் நுனி வந்து நின்றது. குளிர்ந்தது. நகமில்லாதது.

மெதுவாக, இமையை மேலே தூக்கியது.