பூச்சியம் வரவேண்டிய இடம்

மானிப்பாயில் ஒரு பழைய கல்வீட்டின் மேல்மாடியில்தான் எங்கள் கம்பெனி. அந்தத் திங்கட்கிழமை காலை நான் படியேறியபோது வெளியே மழை இருட்டு. புதிதாகச் சேர்ந்த சாருஜா எனக்கு முன்பே வந்து, கோப்பாயில் ஒரு தனியார் மருத்துவமனைக்காக நான் எழுதிய நோயாளர் பதிவுச் செயலியைத் திறந்து வைத்திருந்தாள்.

"நிருஷன் அண்ணை, யூனிட் டெஸ்ட் நாற்பதும் பாஸ் எண்டு காட்டுது. ஆனா ஒரு டெஸ்டும் ஒண்டையும் சோதிக்கேல்லையே?"

என் முகம் சுட்டது. செயலியின் ஒவ்வொரு பகுதியும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கான சோதனைகள் அவை. நானோ நாற்பதிலும் எதையும் பார்க்காமலே பச்சை காட்டும் ஒரே வரியை எழுதி வைத்திருந்தேன். அந்தப் பச்சையைக் காட்டித்தான், எல்லாம் சோதித்தாயிற்று என்று மருத்துவமனையிடம் வாய் கூசாமல் சொன்னேன்.

மாசி மாதம் சுகிர்தம் ரீச்சர் என்ற முதிய ஆசிரியை அங்கே சிகிச்சை பெறும்போது இறந்துபோனார். அவருக்குப் பென்சிலின் ஒவ்வாது. யாரோ அவருடைய தொலைபேசி எண்ணைத் திருத்தியபோது என் செயலி அந்த ஒவ்வாமைக் குறிப்பை அழித்துவிட்டது. பென்சிலின் ஊசி போட்டவர் தாதி ஜெயந்தினி மிஸி. கவனமில்லாமல் போட்டார் என்று அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உண்மையான காரணம் எனக்கு மறுநாளே தெரியும். சத்தமில்லாமல் பிழையைத் திருத்திவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

சாருஜா சோதனைகளை முறையாக அமைக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு முறையும் அதற்கென்று ஒரு வெறும் டேட்டாபேஸ் புதிதாக உருவாகும், முடிந்ததும் அழிந்துவிடும். மருத்துவமனையின் உண்மையான பதிவுகள் அதற்குள் வர வழியே இல்லை. அவள் எழுதிய முதல் சோதனை மிக எளியது: நோயாளர் எண்ணிக்கை பூச்சியமாக இருக்கவேண்டும்.

ஓட்டினாள்.

சிவப்பு.

வரவேண்டியது பூச்சியம். வந்தது ஒன்று.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள்.

ஒன்று.

"ஆர் உது?" என்று முணுமுணுத்தபடி அந்தப் பதிவைத் திரைக்கு எடுத்தாள்.

சுகிர்தம். வயது அறுபத்தெட்டு. ஒவ்வாமை என்ற இடம் வெறுமையாக இருந்தது.

அறையில் ஊசிக்கு முன் தடவும் ஸ்பிரிட் மணந்தது. யாரோ மூச்சுக்குத் திணறும் சத்தம், மிக அருகில்.

சாருஜாவின் கண்கள் என் தோளுக்கு மேலே நிலைகுத்தின.

"அண்ணை… உங்கடை கதிரைக்குப் பின்னாலை ஒரு அம்மா நிக்கிறா."

நான் திரும்பவில்லை. பயம்தான், ஆனால் அதைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. அவரைப் பார்க்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

எழுந்து படியிறங்கி ஓடினேன். முற்றத்து மழையில் நின்றபடி, இத்தனை மாதமாக அழைக்கத் துணியாத எண்ணைக் கைபேசியில் அழைத்தேன். உரும்பிராயில் ஜெயந்தினியின் வீடு.

"மிஸி, அந்தச் செயலியை எழுதின நிருஷன் கதைக்கிறன். ரீச்சரின்ரை ஒவ்வாமையை அழிச்சது என்ரை பிழை. உங்களிலை ஒரு குற்றமும் இல்லை. தெரிஞ்சுகொண்டும் சொல்லாமல் இருந்திட்டன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"தெரியும் தம்பி. விடியவே ரீச்சர் வந்து எல்லாம் சொன்னவ."

நான் மேல்மாடி யன்னலை அண்ணாந்து பார்த்தேன்.

"இன்னும் போகேல்லை. பக்கத்திலைதான் இருக்கிறா. உம்மோடை கதைக்கவேணுமாம். போனைக் குடுக்கட்டே?"