வாய்க்கால் படத்தில் ஒரு கறை

பென்னாகரத்தில் ராமக்காள் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் போனவன் நான். படத்தைத் துடைக்க அவர் சொல்லவில்லை. சொல்லாத வேலையைச் செய்வதில்தான் எனக்குக் கைராசி.

கூடத்தில் கையால் வரைந்த ஆளுயரப் படம். காலையில் நான் ஏணியை வைத்தபோது ராமக்காள் அதில் உள்ளங்கையைப் பதித்து நின்றிருந்தார். ஏதோ வேண்டுதல் போல என்று நினைத்தேன். படத்தில் இருந்தது ஊர் நடுவே ஓடிய வாய்க்கால். இப்போது மேலே கான்கிரீட் மூடி பஸ் நிற்கிறது. படத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. படியில் துணி துவைக்கிறார்கள். ஒருவர் எருமை கழுவுகிறார். சைக்கிள்காரர் பீடி பற்றவைக்கிறார். நடுத்தண்ணீரில் மட்டும் ஒரு கறை.

பூஞ்சை என்று ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன்.

பாதி போன பிறகுதான் பார்த்தேன். கறைக்கு ஐந்து விரல்கள் இருந்தன.

தண்ணீருக்கு மேலே நீண்ட சின்னக் கை. கரையில் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

துணியை எடுத்தேன். கை இல்லை.

பட்டப்பகல் பதினோரு மணி. கூடமெல்லாம் சேற்று வாடை. எங்கோ கல்லில் துணி அடிக்கும் சத்தம். அதுவும் நின்றது.

என் வலது கை சில்லிட்டு ஈரமாக இருந்தது. லுங்கியில் துடைத்தேன். மறுபடி ஈரம். பயந்தால் வியர்க்கும் பரம்பரை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு கைக்கு மட்டும் வியர்க்கிற பரம்பரை.

ராமக்காள் டீயோடு வந்தார். படத்தைப் பார்த்து அப்படியே நின்றார்.

"அழுக்குன்னு நெனச்சு தொடச்சுட்டேங்க அக்கா. வரைஞ்சு குடுத்தர்றேன். அது யாருங்க?"

"டீ ஆறுது, குடி தம்பி."

"படம் வரைஞ்சவரு இருக்காருங்களா?"

"சக்கர போதுமா?"

டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. விரல்கள் மடங்கவில்லை, உள்ளங்கைக்குள் ஏதோ இருந்தது.

"அக்கா, எங்கைக்கு என்னமோ ஆயிருச்சுங்க. நெசத்தச் சொல்லுங்க."

அவர் தரையில் உட்கார்ந்தார். அவர் பார்வை என் முகத்தில் இல்லை. என் இடுப்புக்குப் பக்கத்தில், காற்றில் இருந்தது.

"எம்பொண்ணு செல்லிக்கு அப்ப ஏழு வயசு. இந்தப் படம் மாட்டி ஒரு வருசம் கழிச்சு வாய்க்கால்ல போயிட்டா. அத்தன பேரு கரையில இருந்தாங்க, ஒருத்தரும் பாக்கல. மறுநா காலையில படத்துல அந்தக் கை இருந்துச்சு. யாரும் வரையல. முப்பது வருசமா நானும் புடிச்சுப் பாக்கறேன், எங்கைக்கு வரமாட்டேங்கறா."

நான் கையை உதறினேன். ஒரு குழந்தையின் எடை கூடவே ஆடியது.

"ஒதறாத தம்பி," என்றார் மெதுவாக. "இப்பத்தான் கரையேறியிருக்கா."