கசப்பைக் குறைத்தவள்

"அந்த மூக்கைக் கழட்டிட்டு ஊத்துங்களேன்..."

வட இங்கிலாந்தின் ஸ்கார்பெக் கிராமத்து பப்பில் அதுவரை நடந்துகொண்டிருந்த பேச்செல்லாம் சட்டென்று நின்றது. யார்க்‌ஷயரில் பீர்க் குழாயின் நுனியில் சின்னதாக ஒரு மூக்கு திருகியிருக்கும். அதன் வழியாக இறங்கினால்தான் பீரின் மேல் கெட்டியாக நுரை கட்டும். அதைக் கழற்றச் சொல்பவன் தெற்கத்திக்காரனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அடி வாங்க ஆசைப்பட்டவனாக இருக்க வேண்டும்.

மழையில் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டிருந்த ப்ரையனி மெட்காஃப் திரும்பிப் பார்த்தாள். நெடுநெடுவென்ற உருவம்... முழங்கால் வரை சேறு... ஈர இமைகளுக்குக் கீழே, எதற்கும் அவசரப்படாத பழுப்புக் கண்கள். ஆள் லட்சணமாகத்தான் இருக்கிறான். அதனாலேயே அவளுக்குக் கோபம் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அவன் கேட்டது 'கொக்குக்கால்' பீர். அவள் தன் கையால் காய்ச்சியது.

"எந்த ஊருங்க நீங்க? லண்டனா?" என்றாள்.

"தெற்கே கென்ட். ஹாப் தோட்டத்துக்கு நடுவுல பொறந்தவன். மைல்ஸ் ஹோடன்... புதுசா வந்திருக்கிற மாட்டு டாக்டர்."

"அதானே பார்த்தேன். உங்க ஊர்ல நுரையே இல்லாம, குளத்துத் தண்ணி மாதிரி குடிப்பீங்களாமே?"

"நுரை பார்க்க அழகுங்க. ஆனா ஹாப் பூவோட வாசத்தை அதுதான் தின்னுடுது. சட்டியை மூடி வச்சுட்டு மோந்து பாருன்னா எப்படி?"

பப்பை நடத்தும் டோரீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூக்கைக் கழற்றினாள். "இந்த ஒரு தடவைதான் கண்ணு. இன்னொரு வாட்டி கேட்டா உன்னையும் சேர்த்து வெளியே ஊத்திடுவேன்."

அவன் ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். இன்னொரு வாய்...

"எப்படி இருக்கு டாக்டரே?" ப்ரையனிதான் கேட்டாள். ஏன் கேட்டோம் என்று பிறகு பலமுறை தன்னையே நொந்துகொண்டாள்.

"நல்லாத்தான் ஆரம்பிக்குது. தைரியமா வருது... அப்புறம் யாரோ கையைப் பிடிச்சு இழுத்த மாதிரி பாதியிலேயே நின்னுடுது. இதைக் காய்ச்சினவங்க யாருக்கோ பயந்துட்டாங்க."

"கண்ணு..." என்றாள் டோரீன் மெல்ல. "காய்ச்சினது இவதான்."

ப்ரையனி கோட்டைக்கூட எடுக்காமல் மழைக்குள் இறங்கி நடந்தாள். அவன் சொன்னது பொய்யாக இருந்தால் அங்கேயே நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள்! உண்மையாகப் போனதுதான் வினை. நகரத்துக் கம்பெனி ஒன்று, கசப்பைக் குறைத்தால் தன் பப்புகளிலெல்லாம் கொக்குக்காலை வைப்பதாகச் சொல்லியிருந்தது. இரண்டு மாதமாக அவள், பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹாப் பூவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துப் போட்டு வருகிறாள். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நுரை எல்லாவற்றையும் மூடிவிட்டது.

மறுநாள் கோட்டு வந்தது. பையில் ஒரு துண்டுச் சீட்டு: 'சொன்ன விதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னதுக்கு இல்லை.'

என்ன திமிர்! கிழித்துப் போட்டாள். சாயங்காலம் அதே துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினாள். அடுத்த முறை காய்ச்சுவதற்கு ஹாப்பை எடை போடும்போது கை தயங்கியது... பிறகு பழைய அளவையே முழுதாகக் கொட்டினாள். கம்பெனிக்கு 'முடியாது' என்று எழுதிவிட்டாள்.

காய்ச்சி மிஞ்சிய தானியச் சக்கையைப் பக்கத்துப் பண்ணை மாடுகளுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது அவள் வழக்கம். ஒரு காலை, அங்கே மைல்ஸ் ஒரு பசுவின் குளம்பைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் அதே கருத்துதானா?" என்று கேட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அதேதான்."

"சரியான பிடிவாதம்."

"உங்ககிட்ட இல்லாததா?" அவன் நிமிர்ந்து மூச்சை இழுத்தான். "உங்க பீர்ப் பட்டறைப் பக்கமிருந்து இன்னைக்கு வாசம் வேற மாதிரி வருதே..."

அவள் சக்கையைக் கொட்டிவிட்டு நடந்தாள். ஆனால் அடுத்த நாளும் அதே நேரத்துக்குத்தான் போனாள். அதற்கடுத்த நாளும்... குளம்புப் புண் ஆறி வெகுநாளான பிறகும் அவன் அந்தப் பசுவைப் பார்க்க வந்துகொண்டிருந்தான். பேச்செல்லாம் சண்டைதான். வடக்கா தெற்கா, எந்த ஊர்த் தண்ணீர் எந்த பீருக்குப் பொருந்தும் என்று மழை விடும்வரை வாதாடுவார்கள். பப்பில் நீங்கள் சொன்ன தீர்ப்பு சரி என்று மட்டும் அவள் வாயிலிருந்து வரவே இல்லை.

இலையுதிர் காலத்தில் பள்ளத்தாக்கின் பீர்த் திருவிழா வந்தது. அதில் முதல் பரிசு வாங்கும் பீர், அங்குள்ள ஒன்பது பப்புகளிலும் வருஷம் முழுக்க ஓடும். கம்பெனியை உதறிவிட்ட ப்ரையனிக்கு இருந்த ஒரே வழி அது. ஐந்து பேர் ருசி பார்ப்பார்கள், அவர்களில் மைல்ஸும் ஒருவன். கோப்பைகளில் எண் மட்டும்தான் இருக்கும். காய்ச்சியவரோடு ஒட்டோ உறவோ உள்ளவர் கையைத் தூக்கி விலகிவிட வேண்டும். அந்த பீருக்கு மீதி நால்வரின் மார்க்கை மட்டும்தான் கூட்டுவார்கள்.

கூட்டத்தைத் தடுத்த கயிற்றுக்குப் பின்னால் நின்றாள் ப்ரையனி. நான்காம் கோப்பை அவளுடையது... மைல்ஸ் ஒரு வாய்தான் குடித்தான். பென்சிலைக் கீழே வைத்தான். கையைத் தூக்கினான்.

"இதுக்கு நான் மார்க் போட முடியாது."

மேசையை நடத்திய டோரீன் புருவத்தை உயர்த்தினாள். "ஏன் கண்ணு? காய்ச்சினவங்க உனக்கு உறவா?"

"இன்னும் இல்ல."

கூடமே சிரித்தது. ப்ரையனிக்குக் காது மடல்கூடச் சிவந்துபோயிற்று.

கொக்குக்கால் இரண்டாவதாக வந்தது. மூன்று மார்க் வித்தியாசத்தில் முதல் பரிசு போயிற்று.

வெளியே தூறலில் நின்றிருந்தவனிடம் நேராகப் போனாள். "நீங்க தூக்கத்துல மார்க் போட்டிருந்தாலும் நான் ஜெயிச்சிருப்பேன்!"

"தெரியும். பத்துக்குப் பத்து போடத்தான் கை போச்சு. ஆனா பீருக்குப் போடறேனா, உங்களுக்குப் போடறேனான்னு எனக்கே பிரிச்சுப் பார்க்கத் தெரியல..."

ஒன்பது பப்புகள்... அவள் கோபத்தைத் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. தன்னை ஜெயிக்க வைக்கக்கூடப் பொய் சொல்லாத ஒருவன் எதிரே நனைந்துகொண்டு நின்றான். அவளுக்கு அழுகை வந்தது.

"அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான்," என்றாள். "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு, மைல்ஸ். அந்த மாட்டுக் கொட்டாய்லேருந்தே..."

அவன் கண்கள் முதல்முறையாக அவசரப்பட்டன. "எனக்கு அதுக்கும் முன்னாடியே..."

"அப்போ அடுத்த வருஷமும் கையைத் தூக்குவீங்களா?"

"ஆயுசு முழுக்க."

"வருஷா வருஷம் எனக்கு ஒரு ஆள் மார்க் குறையுமே?"

"குறையும்."

"குறையட்டும்," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள் ப்ரையனி.