வழிந்த மருந்து

தூங்க வைக்கும் மருந்தை ஏற்றும் பம்பின் முனகல் நின்றிருந்தது.

பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்கு முதலில் எட்டியது அந்த அமைதிதான். பிறகு ஸ்பிரிட் வாடை, பல்லை அழுத்திய குழாய், அவர் இழுக்காமலே நெஞ்சுக்குள் இறங்கி, அவர் விடாமலே வெளியேறிய காற்று. நிமோனியா முற்றி வென்டிலேட்டரில் போடும் முன்பே நர்ஸ் பொறுமையாக விளக்கியிருந்தாள். இடப்பக்க மருந்து தூங்க வைக்கும். வலப்பக்க மருந்து, மூச்சுக் கருவியோடு உடம்பு மல்லுக்கட்டாதபடி தசைகளைக் கட்டிப்போடும். இரண்டும் சேர்ந்தே ஓடும், பயப்பட வேண்டாம் என்றிருந்தாள். சற்று முன் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தபோது இடப்பக்கப் பம்ப் கத்தியதும், அவள் அதை அமர்த்தியதும், மறுபடி ஓடவிடும் முன்பே பக்கத்துப் படுக்கைக்கு யாரோ கூப்பிட அவள் ஓடியதும் அரைமயக்கத்தில் அவருக்குக் கேட்டிருந்தன.

வலப்பக்கப் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

சுண்டுவிரலை அசைக்கப் பார்த்தார். யாருடையதோ போலக் கிடந்தது.

நர்ஸ் திரும்பி வந்தாள். "டிரைவர் அண்ணே, இத்தனை வருஷம் நீங்க ஓட்டுனீங்க. இப்ப வண்டி எங்க கையில. நிம்மதியா தூங்குங்க."

இமையை விலக்கி, கண் உலராமலிருக்கக் களிம்பு இட்டாள். மிக அருகில், மங்கலாக, களைத்த நல்ல முகம்.

பார். என்னைப் பார்.

கண்ணீர் காதோரம் இறங்கியது.

"அடடா, மருந்து வழியுது." பஞ்சால் ஒற்றியெடுத்து, இரண்டு இமைகளையும் மூடிப் பட்டை ஒட்டினாள்.

இருட்டு. அதற்குள் மகளின் குரல். நாடித்துடிப்பு ஏன் இப்படி ஏறுகிறது என்று கேட்டாள். காய்ச்சல்தான் என்றார் டாக்டர். தொண்டையில் துளைபோட்டுக் குழாயை அங்கே மாற்றிவிடலாம், படுக்கையிலேயே முடிகிற சின்ன வேலை என்றார்.

"அப்பாவுக்கு வலிக்குமா?"

"ஒண்ணுமே தெரியாதும்மா," என்றாள் நர்ஸ். "அவர் ஆழ்ந்த தூக்கத்துல இருக்கார்."

மகளே. போகாதே.

செருப்பொலி விலகியது. கதவு சாத்தப்பட்டது.

கழுத்தில் ஈரம். சில்லென்று. உலோகம் உலோகத்தில் உரசும் ஓசை. நர்ஸின் வெதுவெதுப்பான கை அவர் கையைப் பற்றிக்கொண்டது.

"நான் கூடவே இருக்கேன் அண்ணே."

விரலே. ஒரே ஒரு தடவை.

கத்தி இறங்கியது.

நெஞ்சு மட்டும், நிம்மதியாகத் தூங்குகிறவருடையதைப் போல, சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.